ஆமைப்பெட்டியின் நான்காவது விதி

1

படிவத்தில் பதினாறு கேள்விகள். வீட்டின் பரப்பளவு என்ன, மின் இணைப்பைக் கடைசியாகச் சோதித்தது யார், புகை வந்தால் கத்தும் கருவி எத்தனை, நாய் உண்டா, பூனை உண்டா. பதினைந்து கேள்விகளுக்கு என் மகள் காந்திமதி நின்றுகொண்டே பதில் எழுதியிருக்கிறாள். எழுத்து சாய்ந்து ஓடுகிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அங்கே எழுத்து நேராக நிற்கிறது.

கேள்வி: உங்கள் பராமரிப்பில் பிராணி ஏதேனும் இறந்ததுண்டா? காரணம் என்ன?

அவள் ஆங்கிலத்தில் எழுதிய பதிலைத் தமிழில் தருகிறேன்: "உண்டு. ஓர் இளம் பெட்டி ஆமை. பம்பாய். நான் நான்காம் வகுப்பில் படித்தபோது. அதிக வெப்பம். தவறு என்னுடையது."

காலைக் காப்பியோடு நான் மேஜைக்கு வந்தபோது அந்தத் தாள் என் பக்கம் திரும்பிக் கிடந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். பம்பாய் ஃபோர்ட்டில் ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேஜையில் இருபத்தாறு வருஷம் துணையாசிரியனாக இருந்தவன் நான். எந்தத் தாள் கண்ணில் பட்டாலும் பிழை தேடாமல் இருக்க வராது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. கடைசி வாக்கியத்தில் செய்திப்பிழை இருந்தது. அது பிழை என்று உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

செம்பூரிலிருந்து நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதிய நண்பர், அமெரிக்கப் பனியைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்லியிருந்தார். மன்னிக்க வேண்டும். பனி வெளியே பெய்துகொண்டுதான் இருக்கிறது. நான் ஆமையைப் பற்றி எழுதுகிறேன்.

2

பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு சிற்றூர் இது. மனைவி கோமதி இறந்த பிறகு இங்கே மகளோடு இருக்கிறேன். ஆறாவது குளிர்காலம் நடக்கிறது. இந்தப் பக்கத்துக் காடுகளில் பெட்டி ஆமை உண்டு. பயந்தால் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு அடி ஓட்டை மூடி போல மேலே தூக்கிச் சாத்திக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். சாலையில் அடிபட்ட தாய் ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைக்கும் காப்பகம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. குஞ்சுகளை முதல் குளிர்காலம் மட்டும் வீட்டுக்குள் வைத்து வளர்க்க ஆள் தேடுகிறார்கள். அதற்குத்தான் அந்தப் படிவம்.

அனுமதி வருவதற்கு முன்பே காந்திமதி கீழறையில் பெட்டியைத் தயார் செய்துவிட்டாள். ஆமை இல்லாத பெட்டியை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கிறாள். காலை எட்டு, பகல் இரண்டு, மாலை ஏழு என்று மூன்று வேளை கீழே இறங்கி வெப்பத்தைப் பாரன்ஹீட் கணக்கில் குறித்து வைப்பது என் வேலை. இரண்டு மணிக்குச் சரியாகத் தொலைபேசி அடிக்கும்.

"அப்பா, எவ்வளவு?"

"சூட்டு முனை எண்பத்தாறு. குளிர்ந்த முனை எழுபத்திரண்டு."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"கருவிதான் சொல்கிறதே."

"தொட்டுப் பாருங்க." வைத்துவிடுவாள்.

பெட்டியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். வெப்பத்துக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று இரண்டு கருவி, தனித்தனியாக. வெப்பம் தருவது வெள்ளைப் பீங்கான் குமிழ். அதில் ஒளியே கிடையாது, எனவே ராத்திரியிலும் ஆமைக்கு இருட்டு கெடாது. அதைப் பெட்டியின் ஒரு முனைக்கு மேலே தொங்கவிட்டு, ஆமை நிமிர்ந்தாலும் முதுகு படாதபடி கம்பிக்கூடு போட்டிருக்கிறாள். கவ்வியை மட்டும் நம்பாமல் சங்கிலியும் கட்டியிருக்கிறாள். கவ்வி நழுவினால் சங்கிலி பிடிக்கும். வெளிச்சத்துக்குக் குழல் விளக்கு, பகலில் பன்னிரண்டு மணி நேரம். ஓடு கெட்டிப்பட வெயிலில் இருக்கும் சத்து அதில் உண்டாம். தண்ணீர்த் தட்டு மறு முனையில், ஒயர் எதுவும் அதற்குமேல் போகாமல். சூட்டை அளந்து தானே நிறுத்தும் கருவி தனியாக. ஒரு முனை சூடு, மறு முனை குளிர்ச்சி. தனக்கு எது வேண்டுமோ அந்த இடத்துக்கு ஆமையே நடந்து போய்க்கொள்ளும். மற்ற ஏற்பாடெல்லாம் அந்தக் குளிர்ந்த முனையைக் காப்பாற்றத்தான்.

முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, "தாராவியில் மைதீன் பாய் செய்து கொடுத்ததும் ஏறக்குறைய இதுதான்" என்றேன்.

காந்திமதி திருப்புளியைக் கீழே வைத்தாள். "ஏறக்குறையதான், அப்பா" என்றாள்.

3

செம்பூர் அப்போது பம்பாயின் ஓரம். மாட்டுங்காவில் வாடகை கட்டுப்படியாகாத எங்களைப் போன்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்துகொண்டிருந்தன. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கீழ்த்தளத்தில் இரண்டு அறை. ஜனவரி மாதம் விடியற்காலையில் டிராம்பே குன்றுப் பக்கமிருந்து ஒரு குளிர் இறங்கும். பால்காரர்கள் தலையோடு மஃப்ளர் கட்டிக்கொண்டு வருவார்கள். மத்தியானம் அதே நாளில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரத் தோன்றும். ஒரே நாளுக்குள் இரண்டு பருவம். இது பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு முக்கியம்.

மைதீன் பாய்க்குத் தாராவியில் தகரப் பட்டறை. காயல்பட்டினத்துக்காரர். எனக்குத் திருநெல்வேலி ஜங்ஷன். பம்பாயில் அந்த முப்பது மைல் தூரம் ஒரே தெரு என்றாகிவிடும். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம். ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை பாய் ஒரு பிஸ்கட் டின்னோடு வீட்டுக்கு வந்தார்.

"காக்கா மலேயாவுலேருந்து கொண்டாந்தாவ அண்ணாச்சி. பட்டறையில போட்டா ஒரு நா ஆணியோட ஆணியா இதையும் அடிச்சிருவானுவோ. நம்ம புள்ள வளக்கட்டும்."

டின்னுக்குள் ஈரத் தேங்காய் நார். அதற்குள் இரண்டு ஆமைக்குட்டிகள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. கறுப்பு ஓடு, முகத்தில் மஞ்சள் கோடு. அவையும் பெட்டி ஆமை வகைதான். காந்திமதி டின்னுக்கு முன்னால் மண்டியிட்டாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் காந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவின்போது வகுப்பே எழுந்து சல்யூட் அடிக்கும் என்று அழுதுகொண்டு வருவாள். அன்று அவளுக்கு யார் ஞாபகமும் இல்லை. பெரியதற்குக் குர்லா, சின்னதற்குச் சயான் என்று அங்கேயே பெயர் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த உலகம் ரயில் நிலையங்களால் ஆனது.

பெயர் வைத்ததோடு பேச்சு இந்திக்கு மாறிவிட்டது. "ஏ குர்லா, இதர் ஆ. கானா கா." இங்கே வா, சாப்பிடு என்று கூப்பிட்டாள்.

கோமதி அடுக்களையிலிருந்து கேட்டாள்: "ஏட்டி, அதுகிட்டயாவது தமிழ்ல பேசப்படாதா?"

"அதுக்குத் தமிழ் தெரியாதும்மா. மலேயாலேருந்து வந்திருக்கு."

"ஹிந்தி மட்டும் படிச்சிட்டு வந்திருக்கோ?"

இரண்டு வாரத்தில் குட்டிகள் சாப்பிடுவதை நிறுத்தின. சயானின் மூக்கில் சின்னக் குமிழி வந்தது. பரேல் பக்கம் ஒரு மிருக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சீட்டு எழுதும் குமாஸ்தா முன்னால் அச்சடித்த அட்டை இருந்தது: மாடு, குதிரை, நாய், பூனை, பறவை. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்டா தேதா ஹை கியா?" முட்டையிடுமா என்று கேட்டார்.

"இடும்" என்றேன்.

பறவை என்பதற்கு எதிரே கோடு போட்டார்.

வைத்தியர் நல்ல மனிதர். மலேயாப் பிராணிக்கு இந்தக் குளிர் ஆகாது என்றார். ஒரு முனையில் எண்பத்தைந்து டிகிரி, மறு முனை குளிர்ச்சி, ராத்திரி இருட்டு, பகலில் வெளிச்சம். மார்ச் வரை தாங்கிவிட்டால் பிழைக்கும். "இதற்கு மருந்து பல்புதான்" என்றார். வரும் வழியெல்லாம் காந்திமதி டின்னைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "மார்ச் வரைக்கும்தானே? நான் பாத்துக்கறேன், பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தாதரில் இறங்கும்போது என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்: பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது, பொறுப்பு முழுக்க அவளுடையது.

4

பெட்டி வந்த கதை தனி. கோமதி தாதர் மார்க்கெட்டில் பழக்காரரிடம் போய், தன் இந்தியில், "ஆமை பெட்டி சாஹியே" என்று கேட்டிருக்கிறாள். அவர் காதில் விழுந்தது ஆம் கி பேட்டி. மாம்பழப் பெட்டி.

"அபி? சீசன் கிதர் ஹை, பாயி?" இப்போது ஏது சீசன் என்று கேட்டிருக்கிறார்.

இவள் விடவில்லை. ஆமை சீசனுக்கா வரும் என்று தமிழில் திட்டியிருக்கிறாள். கடைசியில் அவர் கும்பிட்டுவிட்டுப் பின்னால் கிடந்த காலி மாம்பழப் பெட்டி ஒன்றை உள்ளேயிருந்த வைக்கோலோடு இலவசமாகவே கொடுத்து அனுப்பினார். "இந்த ஊர்ல கேக்க வேண்டிய மாதிரி கேட்டா எல்லாம் கெடைக்கும்" என்று கோமதி வெற்றியோடு வந்து சேர்ந்தாள்.

மைதீன் பாய் முதலில் செய்தது, அந்த வைக்கோலை அள்ளி வெளியே போட்டதுதான். "விளக்கு வெக்குத எடத்துல இது கெடக்கப்படாது அண்ணாச்சி. பத்திக்கிடும்." பிறகு ஈர மண்ணும் காய்ந்த இலையும் போடச் சொன்னார். அறுபது வாட் பல்பு ஒன்றைத் தகர உருளைக்குள் அடைத்து, மேலே காற்றுப் போக ஓட்டை போட்டு, அடியில் கம்பிவலை கட்டினார். வெளிச்சம் வெளியே வராது, சூடு மட்டும் கீழே இறங்கும். கரிந்துபோகாமலிருக்கப் பீங்கான் ஹோல்டர். மரத்துக்கும் தகரத்துக்கும் நாலு விரல் இடைவெளி. அதைத் தொங்கவிட ஒரு சங்கிலி, சங்கிலியில் ஐந்து கொக்கி. கொக்கியை மாற்றினால் உருளை மேலே போகும், கீழே வரும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான் வழி. மறு முனையில், தண்ணீர்த் தட்டுப் பக்கம், வெளிச்சத்துக்கு நாற்பது வாட் பல்பு ஒன்று. எங்கள் கீழ்த்தள வீட்டில் காலையில் பத்து மணி வரை இருட்டுதான், அதற்காக.

வெப்பமானி எங்கள் பத்திரிகை இருட்டறையிலிருந்து வந்தது. படம் கழுவும் தட்டில் போடுவது. போட்டோகிராபர் நண்பர் கடனாகக் கொடுத்தார்.

காந்திமதி தகர உருளைக்கு டப்பா என்று பெயர் வைத்தாள். வெளிச்சம் தந்ததை மட்டும் விளக்கு என்றாள். நானும் கோமதியும்கூடப் போகப் போக அப்படியே சொல்லப் பழகினோம்.

நான் விதிகளை எழுதினேன். டெலிபிரின்டர் தாளின் பின்பக்கம், தமிழில். இந்தியில் எழுதினால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதினேன். ஐந்து விதி. டப்பா என்ற பெயர் எனக்கு அப்போது பழகவில்லை, அதையும் விளக்கு என்றே எழுதினேன். நான்காவது முதலில் இப்படி இருந்தது: "வெப்பமானி 90-ஐத் தாண்டினால் விளக்கை ஒரு கொக்கி மேலே ஏற்றவும்."

செய்தி மேஜையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தேவையற்ற சொல்லை வெட்டு என்பது. ஏற்றுவது என்றாலே மேலேதானே? கீழே ஏற்ற முடியுமா? "ஒரு கொக்கி மேலே" என்ற மூன்று சொல்லையும் அடித்தேன். "வெப்பமானி 90-ஐத் தாண்டினால் விளக்கை ஏற்றவும்." வாக்கியம் சுத்தமாக நின்றது. சுத்தமாக நகல் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. சயான் மூக்கில் குமிழி நின்றது. குர்லா மண்புழு தின்றது. காந்திமதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் வெப்பமானியைப் பார்ப்பாள். கொக்கி மாற்றுகிற வேலையை மட்டும் நான்தான் செய்தேன், வேலைக்குப் போகுமுன். அவளுக்கு அதைச் செய்து காட்டவில்லை. தாளில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

5

அன்று சனிக்கிழமை. தாணேயில் உறவுக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. கோமதி காலையிலேயே போய்விட்டாள். எனக்குப் பகல் ஷிப்ட். அவசரத்தில் கொக்கியை மாற்றாமல் ஓடிவிட்டேன். காந்திமதிக்கு அரைநாள் பள்ளி. பக்கத்து வீட்டு மாமி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மாட்டுங்காவிலிருந்து எங்களுக்கு ஒரு வருஷம் முன்னால் குடிவந்தவர். எங்கள் வீட்டில் அரைத்த துவையலும் அவர் வீட்டில் செய்த ரசமும் சுவரைத் தாண்டிப் போய்வரும்.

நடந்ததைப் பிறகு மாமியிடமும் காந்திமதியிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தொகுத்தேன். மத்தியானம் வெயில் ஏறியது. டப்பா காலையில் குளிருக்கு வைத்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணிக்கு வெப்பமானி தொண்ணூற்றிரண்டு காட்டியது. காந்திமதி சுவருக்குப் போய் நான்காவது விதியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்ததை நம்ப முடியாமல் தாளைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு மாமியிடம் ஓடினாள்.

"மாமி, சூடு ஜாஸ்தியானா விளக்கை ஏத்தணுமா?"

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அப்படித்தான் போட்டிருக்கா. விளக்கை ஏற்றவும். இதுல என்னடி சந்தேகம்? டப்பாக்கு சூடு வந்துடுத்து, அதோட வேலை முடிஞ்சுது. இனிமே விளக்கை ஏத்தணும்னு எழுதியிருக்கார்."

"டப்பாவை நிறுத்தணும்னு எழுதலையே."

"எழுதலேன்னா நிறுத்தப்படாதுன்னு அர்த்தம். உங்கப்பா பேப்பர்ல இருக்கறவர். ஒரு வார்த்தை தப்பா எழுதுவாரா?"

காந்திமதி வந்து விளக்கைப் போட்டாள். குளிர்ந்த முனை என்று ஒன்று இருந்தது அதோடு போயிற்று. ஆமைகள் போக வேறு இடம் இல்லை. வெப்பம் மேலும் ஏறியபோது அவள் திரும்பத் தாளைப் பார்த்தாள். வீட்டில் மூன்றாவது விளக்கு இல்லை. இருந்திருந்தால் அதையும் ஏற்றியிருப்பாள்.

நான் ஆறு மணிக்கு வந்தபோது சன்னலில் வழக்கத்துக்கு மீறிய வெளிச்சம். வெப்பமானி நூற்றுநான்கு. குர்லா தண்ணீர்த் தட்டுக்குள் தலையை முக்கிக் கிடந்தது. தட்டில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. சயான் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கழுத்தை முழுக்க நீட்டியிருந்தது. காந்திமதி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டு சுவிட்சையும் நிறுத்தினேன். ஆமைகள் இரண்டையும் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். குர்லா சிறிது நேரத்தில் காலை அசைத்தது. சயான் அசையவில்லை.

"தாளைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா இப்படிச் செஞ்சே?"

அவள் பயந்தால் இந்திக்குப் போய்விடுவாள். "ஜோ லிக்கா தா வஹி கியா, அப்பா." எழுதியிருந்ததைத்தான் செய்தேன்.

"தமிழ் ஒரு வரி ஒழுங்காப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆமை எதுக்கு?" என்றேன். மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் சொன்னேன். "உனக்கு இந்தியில எழுதி ஒட்டியிருக்கணும்."

அவள் கையை நீட்டினாள். ஈரத் துணியில் சயானை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கால் மணி கழித்துக் கோமதி தாணேயிலிருந்து வந்தாள். இரண்டு கையிலும் புது வளையல், புடவையில் சந்தன வாசனை. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றியபடியே, தினமும் கேட்பதைப் போல உள்ளே பார்த்துக் கேட்டாள்:

"ஏட்டி, பொழுது சாஞ்சாச்சு. வெளக்க ஏத்துனியா?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எங்கள் வீட்டில் பிறந்த நாள் முதல் அந்தச் சொல்லை அந்தப் பெண் ஒரே அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறாள். அவள் என் வாக்கியத்தைச் சரியாகப் படித்திருந்தாள். மாமியும் சரியாகத்தான் படித்திருந்தார். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். மூன்று சொல்லை வெட்டியவன் நான்.

6

பத்திரிகையில் திருத்தம் போடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது எழுதிக் கேட்டால் போடுவோம். கேட்காவிட்டால் தவறு நமக்குத் தெரிந்தாலும் சும்மா இருப்போம். மறுநாள் பேப்பரில் பழைய பேப்பர் மறந்துபோகும்.

காந்திமதி கேட்கவில்லை. சயானை மறுநாள் காலையில் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் புதைத்தோம். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு குர்லா சாப்பிட ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். குர்லா சாப்பிட ஆரம்பித்தது, மார்ச்சைத் தாண்டியது, எங்களோடு பல வருஷம் இருந்தது. புதுத் தாள் நான் ஒட்டவில்லை. அவள் கேட்கவும் இல்லை. இரண்டு சுவிட்சுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் தானே என்னவோ அடையாளம் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் வகுப்பில் தமிழை விட்டு இந்தி எடுத்தாள். வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையைப் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். "இந்தத் தலைமுறையே இப்படித்தான்" என்று மாட்டுங்காவில் நண்பர்களோடு உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறேன். உங்களில் சிலர் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். பம்பாய்த் தெரு, இந்திப் படம், பள்ளிக்கூடம் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். நான்காவது விதியைச் சொன்னதில்லை. கோமதியிடம்கூட.

7

படிவத்தைப் படித்த அன்று இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எண்பத்தேழு, எழுபத்திரண்டு என்றேன். மாலையில் அவள் வந்து பனி பூட்ஸைக் கழற்றும் வரை காத்திருந்தேன்.

"காந்தி, பதினாறாவது பதிலில் பிழை இருக்கிறது."

"ஸ்பெல்லிங்கா?"

"தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறாயே. அது தவறு."

சிரித்தாள். "அப்பா, ஃபார்ம்ல பொய் எழுதக் கூடாது. நான்தானே சுவிட்ச் போட்டேன்."

"தாளில் என்ன எழுதியிருந்தது, நினைவிருக்கிறதா?"

"விளக்கை ஏற்றவும்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தமிழ் எழுத்தையே மறந்துவிட்ட அவள் அந்த இரண்டு சொல்லையும் எழுத்து மொழியிலேயே சொன்னாள்.

"ஏற்று என்றால் என்ன?"

"லைட் பண்ணு."

"வேறு?"

"வேறயா?" கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள். "ஏத்து... லாரியில மூட்டையை ஏத்து. கொடி ஏத்து." நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "டப்பாவை ஏத்து" என்றாள்.

கையுறை ஒன்று கையிலேயே இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்றைக்கே. அம்மா வந்து கேட்டாளே, அப்போது."

"அன்னைக்கேவா?" குரல் ஏறவில்லை. "எனக்குத் தமிழ் வராததாலதான் அது செத்துச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்ப்பா. இத்தனை வருஷமா. ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி."

"சொல்லியிருக்கலாம்."

"மாமி முன்னாடி திட்டுனீங்க."

"ஆமாம்."

எங்கள் அலுவலக வழக்கத்தைச் சொல்லி விளக்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். குழாய் அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி பேசினாள்.

"உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டுமா? விளக்கைப் போட்டதுக்கப்புறம் நான் உள்ள கையை விட்டுப் பாத்தேன். சுட்டுது. கையை இழுத்துக்கிட்டேன்."

"பிறகு?"

"பிறகு தாளை இன்னொரு தடவை படிச்சேன். உங்க எழுத்து. தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். அதனாலதான் ஃபார்ம்ல அப்படி எழுதினேன். சுடுதுன்னு என் கைக்குத் தெரியும்ப்பா."

படிவத்தை அவள் மாற்றவில்லை. மாற்றச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. அது மறுநாள் தபாலில் போயிற்று.

ஆனால் அன்று மாலையே ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். "பகல்ல குட்டிகளோட இருக்கப்போறது நீங்கதான். உங்களுக்கு ரூல்ஸ் வேணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். நிருபர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிய கை இது.

"ஒண்ணு. உள்ள கையை வெச்சுப் பாக்கணும். சுட்டா, இந்தத் தாள்ல வேற என்ன எழுதியிருந்தாலும் சரி, உடனே அணைக்கணும்."

எழுதினேன். வழக்கப்படி படித்துக் காட்டினேன். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்ன?" என்றாள்.

"அணைக்கவும் என்பதற்குக் கட்டிப்பிடிக்கவும் என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறது."

"ஆமையையா?" என்றாள். பிறகு தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆஃப் பண்ணணும்னு போடுங்கப்பா."

அந்தச் சொல்லை யார் தமிழென்று என்னிடம் எழுதிக் கொடுத்தாலும் அடித்திருப்பேன். இருபத்தாறு வருஷம் வேண்டாத சொல்லை அடித்துப் பழகியவன் நான். அணைக்கவும் என்பதை அடித்துவிட்டு, "ஆஃப் செய்யவும்" என்று எழுதி அவளிடம் நீட்டினேன். அவளால் படிக்க முடியாது. இருந்தாலும் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தாள்.